குட்டைக்கால் நாற்காலியில் கங்கப்பன்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதைக்கு மூலம் ஒரு நாற்காலி. சின்னப் பிள்ளைகள் உட்காருவது, என் முழங்கால் உயரம்கூட வராது. அதைச் செய்தவன் நான். அதன் நான்கு கால்களில் ஒன்று மற்ற மூன்றைவிட அரை விரல்கடை குட்டை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறில் ஓசூரில் ஒரு தனியார் தொழில்நுட்பக் கல்லூரியில் நான் தச்சுப் பிரிவுக்கு மாஸ்டர். கல்லூரியின் பெயர் வேண்டாம். சொன்னாலும் நீங்கள் தேடிப் போனால் அங்கே டயர் குடோன்தான் இருக்கும். ஃபிட்டர், டர்னர், வெல்டர் என்று இருந்த இடத்தில் அந்த வருஷம் முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. சிப்காட் வந்தாயிற்று, கம்பெனிகள் வந்தாயிற்று. கம்பெனிக்காரனுக்குக் கல்யாணம் ஆகும், பிள்ளை பிறக்கும், பிள்ளைக்கு டீச்சர் வேண்டும். இப்படியாக, போர்டில் வெல்டருக்குக் கீழே 'மழலையர் கல்விப் பயிற்சி, ஓராண்டு' என்று ஒரு வரி ஏறியது. அந்த வகுப்புக்குப் பன்னிரண்டு சின்ன நாற்காலிகள் செய்து கொடுக்கும்படி எனக்கு உத்தரவு வந்தது.

மாதிரிக்கு முதல் நாற்காலியை நானே செய்தேன். "நாலு காலையும் ஒண்ணா வச்சுக் கட்டித்தான் அறுக்கணும். தனித்தனியா அறுத்தீங்க, தொலைஞ்சீங்க" என்று மாணவர்களுக்குப் பிரசங்கம் பண்ணிக்கொண்டே தனித்தனியாக அறுத்தேன். அவர்கள் என் பேச்சைக் கேட்டார்கள், கையைப் பார்க்கவில்லை. அதனால் அவர்கள் செய்த பதினொன்றும் தரையில் முளைத்த மாதிரி நின்றன. என்னுடையது ஆடியது.

இது முதல் ஒப்புதல். இரண்டாவது ஒன்று உண்டு, அதை ஏழாம் பகுதியில் வைத்திருக்கிறேன். அதுவரைக்கும் என்னைக் கொஞ்சம் நல்லவனாகவே நினைத்துக்கொண்டிருங்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"ஜூஜுவாடி செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. அந்த வரிசைக்கு நடுவே ஒரு பெண் தன் பையைக் கெட்டியாக—"

வேண்டாம். ஓசூரைப் பற்றி யார் எழுதினாலும் முதல் வரியில் ஒரு லாரி வந்து நின்றுவிடுகிறது. என் கதையில் லாரிக்கு வேலை இல்லை.

"ஹமீதுன்னிசாவுக்குக் காலையில் எழுந்ததிலிருந்தே இடது கண் துடித்துக்கொண்டிருந்தது. ஏதோ நடக்கப்போகிறது என்று—"

அவளுடைய இடது கண் துடித்தது எனக்கு எப்படித் தெரியும்? அவளை நான் பார்த்ததெல்லாம் ஜன்னல் வழியாக. என் கொட்டகைக்கும் அவள் படித்த மழலையர் வகுப்புக்கும் நடுவில் இருபதடி தூரம், ஒரு வேப்பமரம். நேரில் பேசியது ஒரே ஒரு முறை.

"காலி நாற்காலியைப் பார்த்து அவள் கேட்டாள்: 'கங்கப்பா, இன்னிக்காவது பேசறியா?'"

இது இருக்கட்டும். இதை என் காதால் கேட்டேன். இதற்கு முன்னாலும் பின்னாலும் உள்ளதில் பாதியை அவளுடைய டீச்சர் சரோஜம்மாள் சொல்லித் தெரிந்துகொண்டேன், மீதியை இட்டுக்கட்டுகிறேன். எது எந்தப் பாதி என்று கேட்காதீர்கள். ஒட்டுப் போட்ட இடம் தெரியாமல் இழைப்பதுதான் என் பழைய தொழில்.

3

பன்னிரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். அவர்களுக்கு ஒரே ஆசிரியை, சரோஜம்மாள். சாமல்பட்டிக்காரர், முப்பத்தெட்டு வயது, ஓசூரில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தார். வகுப்பு நடந்தால்தான் அவருக்கு வேலை.

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் பழக வேண்டும். ஆனால் பிள்ளைகள் கிடையாது. இந்தப் படிப்பில் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: ஒருத்தி டீச்சராக நிற்பாள், மற்றவர்கள் பிள்ளைகளாக உட்கார்ந்து நடிப்பார்கள். இருபது வயதுப் பெண்கள் முழங்கால் மோவாயில் இடிக்க அந்தச் சின்ன நாற்காலிகளில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சுவார்கள். என் கொட்டகையில் உளியைப் போட்டுவிட்டு இதை வேடிக்கை பார்க்காதவன் இல்லை. (நான் உட்பட. நான் முதலில்.)

சரோஜம்மாள் முதல் நாளே ஆளுக்கு ஒரு நாற்காலி, ஒரு பெயர், ஒரு குணம் என்று பிரித்துக் கொடுத்துவிட்டார். பேரிகையிலிருந்து வந்த நஞ்சம்மாவுக்குக் கிடைத்தது 'பொம்மி', பக்கத்துப் பிள்ளையைக் கடிக்கிறவள். பாகலூர் ஹமீதுன்னிசாவுக்கு 'முனியன்', ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஒண்ணுக்குப் போக வேண்டும் என்பவன். மாரம்மா என்று ஒருத்தி இருந்தாள்.

"டீச்சர், எனக்குப் பேசாத பிள்ளை குடுங்க."

"எதுக்குடி?"

"சும்மா உக்காந்திருக்கலாம் டீச்சர். ராத்திரி சரியா தூங்கலை."

அப்படிப் பிறந்தவன்தான் கங்கப்பன். நாலு வயசு, வாயைத் திறக்க மாட்டான். மாரம்மா கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கக்கூடியவள். அந்தப் பாத்திரத்தை அவளைவிட யாரும் நன்றாகச் செய்திருக்க முடியாது. அவளுக்குக் கிடைத்த நாற்காலி என்னுடையது. ஆட்டத்தில் தூக்கம் இன்னும் சுகமாக வந்ததாம்.

யார் டீச்சராக நிற்கிறாளோ, அவளுடைய நாற்காலியில் சரோஜம்மாள் உட்கார்ந்து அவள் பிள்ளையாக நடிப்பார். ஆகவே ஹமீதுன்னிசா பாடம் எடுக்கும் நாளெல்லாம் சரோஜம்மாள்தான் முனியன்.

"டீச்சர்ர்ர்... ஒண்ணுக்கு வருது டீச்சர்..."

"இப்பத்தானே போய்ட்டு வந்தே முனியா?"

"அது பழைய ஒண்ணுக்கு டீச்சர்."

பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஹமீதுன்னிசாவும் சிரிப்பாள். கவனியுங்கள், இந்தக் கதையில் அவள் வாய்விட்டுச் சிரிப்பது இங்கே மட்டும்தான். இன்னொரு இடத்தில் வைக்கப் பார்த்தேன், உட்காரவில்லை.

4

ஹமீதுன்னிசா யார்? இங்கேதான் எனக்குத் தகராறு.

முதல் பிரதியில் அவளைப் புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தவளாக எழுதினேன். குழந்தை இல்லை, அதனால் அனுப்பிவிட்டார்கள். அதனால் குழந்தைகளைப் பற்றிப் படிக்க வந்தாள். நாலு பக்கம் எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து படித்தால் காகிதத்திலிருந்து அவளே என்னைப் பார்த்துக் கேட்கிற மாதிரி இருந்தது: 'ஏன் மாஸ்டர், பொம்பளை ஒரு படிப்பு படிச்சா அதுக்கு முன்னாடி ஒரு அழுகை இருந்தே ஆகணுமா?'

நாலு பக்கத்தையும் கிழித்தேன்.* 

(*கிழிக்கவில்லை. மேஜை இழுப்பறையில் இருக்கிறது. எழுதுகிறவன் 'கிழித்தேன்' என்றால் இப்படித்தான்.)

அப்படியானால் அவளுக்கு என்னதான் வேண்டும்? யோசித்து யோசித்து இப்படி வைத்திருக்கிறேன்: அவளுக்குச் சத்தம் வேண்டும்.

பாகலூரில் அவள் வீடு அவ்வளவு அமைதி. அம்மா போய் மூன்று வருஷம். அண்ணன்கள் இரண்டு பேரும் பெங்களூரில். அத்தா அக்பர் பாஷா சந்தைக்குச் சந்தை போய்ப் பிள்ளைகளுக்கான ரெடிமேட் துணி விற்கிறவர். இன்றைக்கு ஓசூர், நாளைக்கு மாலூர். சந்தையில் மூன்று பாஷையில் கூவிவிட்டு வருகிறவருக்கு வீட்டில் ஒரு பாஷையும் மிச்சம் இருக்காது.

"சாப்பிட்டியா?" என்பார்.

"ஆச்சு அத்தா."

அவ்வளவுதான் அன்றைய பேச்சு. மீதி நேரம் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பித்தான் தைப்பாள். பிள்ளைச் சட்டைகள். உள்ளே பிள்ளை இல்லாத சட்டைகள்.

(இந்த வரியை எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் அழுகிறது. பிறகு எடுக்கிறேன்.)

பிளஸ் டூ முடித்து ஐந்து வருஷம் பித்தான் தைத்த பிறகு, ஜூஜுவாடியில் ஒரு கம்பெனி வேலைக்கு வருகிற பெண்களின் பிள்ளைகளுக்காக ஒரு கூடம் கட்டியிருப்பது அவளுக்குத் தெரியவந்தது. நேராகப் போய்க் கேட்டாள். "ஜூன் மாசம் திறக்கிறோம். சர்ட்டிபிகேட்டோட வாம்மா, எடுத்துக்கிறோம்" என்றார்கள். திறக்காத கூடத்தின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். அங்கேயும் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த இல்லாமை வேறு மாதிரி இருந்தது: நாளைக்கு முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்தப்போகிற இல்லாமை.

அத்தா யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஒரு வருஷம். சர்ட்டிபிகேட் வந்தா ஜூஜுவாடிக்குப் போ. வரலைன்னா, அப்புறம் என்னைக் கேக்காதே. பித்தான் இருக்குது, நீ இருக்குறே."

அவள் பந்தயத்தில் வைத்தது இவ்வளவுதான். உங்களுக்குச் சின்னதாகத் தெரியலாம். ஐந்து வருஷம் ஒரு ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

5

தீபாவளிக்கு முன்னால் மாரம்மா போனாள். கம்பெனியில் பெண்களை எடுக்கிறார்கள், மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றுகிற வேலை. தூங்க முடியாத வேலை, பாவம். பின்னாலேயே மூன்று பேர். கார்த்திகையில் நஞ்சம்மாவுக்கு ஆனேக்கல் பக்கம் மாப்பிள்ளை அமைந்தது. மற்றவர்களும் ஒவ்வொருத்தியாக நின்றுவிட்டார்கள். பொங்கலுக்குப் பிறகு வகுப்பு திறந்தபோது ஹமீதுன்னிசா மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

பிரின்சிபால் மூடிவிடலாம் என்றார். முதலாளி, பரீட்சைக்குப் பணம் கட்டியாகிவிட்டது, மே வரைக்கும் ஓடட்டும், முடிவைப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். சரோஜம்மாள் மரத்தடியில் என்னிடம் சொல்லிச் சிரித்தது ஞாபகம் இருக்கிறது.

"ஒரே ஸ்டூடண்ட் மாஸ்டர். அவ பாஸானா நூத்துக்கு நூறு சதவீதம், பேப்பர்லயே போடலாம். ஃபெயிலானா நான் சாமல்பட்டி. நடுவுல ஒண்ணும் கிடையாது."

இனி, நான் ஜன்னலில் பார்த்தது.

நடிக்க ஆள் இல்லை. ஆனால் நடிப்பு வகுப்பு நிற்கவில்லை. பெண்கள் போய்விட்டார்கள், அவர்கள் நடித்த பிள்ளைகள் போகவில்லை. பொம்மி அவள் நாற்காலியில் இருந்தாள், கங்கப்பன் அவன் நாற்காலியில். முனியனாகச் சரோஜம்மாள் ஒரு நாற்காலியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். மற்ற பதினொரு நாற்காலிகளும் காலி. அவற்றுக்கு முன்னால் நின்று ஹமீதுன்னிசா வருகைப் பதிவு எடுத்தாள்.

"பொம்மி."

ஒரு கணம் நிறுத்துவாள். காலி நாற்காலியைப் பார்ப்பாள். பதில் வந்துவிட்ட மாதிரி தலையசைப்பாள். நோட்டில் ஒரு கோடு.

"பொம்மி, பக்கத்துல கடிக்காதே. கையை மடியில வச்சுக்கோ."

நாங்கள் சிரித்தோம். முதல் வாரம். இரண்டாவது வாரம் அந்தப் பக்கம் பார்ப்பதையே நிறுத்திவிட்டோம். காலி நாற்காலியைப் பார்த்து இவ்வளவு பிரியமாக ஒருத்தர் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நமக்கு யாரும் அப்படிப் பேசியதில்லை என்பது ஞாபகம் வந்துவிடும்.

வகுப்பின் மறுபக்கச் சுவரை ஒட்டித் தகரம் வெட்டும் பவர் பிரஸ் இருந்தது. அது இறங்கும்போதெல்லாம் தரை அதிரும். பதினோரு நல்ல நாற்காலிகளும் மரியாதையாக நிற்கும். என்னுடையது மட்டும் குட்டைக்காலைத் தரையில் தட்டும்: டக்.

"கங்கப்பா, இன்னிக்காவது பேசறியா?"

காத்திருப்பாள். அரை நிமிஷம். ஒரு நிமிஷம்.

"தாண்டிப் போம்மா" என்பார் சரோஜம்மாள், முனியன் குரலிலிருந்து தன் குரலுக்கு வந்து. "பேசாத பிள்ளைகிட்ட ரொம்ப நிக்கக் கூடாது. மத்த பிள்ளைங்க கை விட்டுப் போயிரும்."

"இருங்க டீச்சர். யோசிக்கிறான்."

அடுத்த கொட்டகையில் பிரஸ் இறங்கும். டக்.

"வந்துட்டான்" என்று சொல்லி நோட்டில் கோடு போடுவாள்.

6

பரீட்சைக்கு முதல் நாள் சரோஜம்மாள் என்னிடம் வந்தார். "மாஸ்டர், அந்த ஒரு நாற்காலி ஆடுது. நாளைக்கு சேலத்துலேர்ந்து எக்ஸாமினர் வர்றாரு. ஒரு துண்டு அடிச்சுக் குடுங்க."

அரை விரல்கடை மரத்துண்டும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போனேன். வகுப்பில் ஹமீதுன்னிசா மட்டும் சுவரில் படம் ஒட்டிக்கொண்டிருந்தாள். நாற்காலியைக் கவிழ்த்தேன்.

"அதை விட்டுருங்க மாஸ்டர்."

"ஆடுதே?"

"ஆடட்டும்."

"நாளைக்குப் பிள்ளை விழுந்துருச்சின்னா?"

"இவ்வளவு ஆட்டத்துல விழாதுங்க. நானே உக்காந்து பார்த்திருக்கேன். அது இருக்கட்டும், எனக்கு வேணும்."

வேலை மிச்சம் என்று திரும்பிவிட்டேன். இந்த நாலு வரியை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை மறந்ததுதான் பிரச்சினை.

மறுநாள், நிஜப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் வேண்டும் என்பது விதி. கல்லூரிக்குப் பின்னால் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே சித்தாள் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளைப் பொரியும் வெல்லமும் காட்டிச் சரோஜம்மாள் ஓட்டிக்கொண்டு வந்தார். பாதி தெலுங்கு, கொஞ்சம் கன்னடம், மீதி தமிழ். எல்லோர் தலையிலும் சிமெண்ட்.

எக்ஸாமினர் பெயர் முனிவேல். ஒல்லியான மனிதர், நேர்மையானவர். இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கெட்ட எக்ஸாமினராக இருந்தால் எனக்குக் கதை சுலபம். அவர் கையில் ஒரு தாள். மற்ற வரிகளுக்கெல்லாம் மதிப்பெண். கடைசி வரி மட்டும் கட்டாய வரி: 'ஒவ்வொரு குழந்தையும் ஒருமுறையாவது பதில் அளித்ததா? ஆம் / இல்லை.' இல்லை என்றால் தேர்ச்சி கிடையாது; அடுத்த வருஷம் வரவேண்டும். அடுத்த வருஷம் இந்த வகுப்பே இருக்காது.

பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். ஒருவன் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான். இருவர் ஒரே நாற்காலிக்கு அடித்துக்கொண்டார்கள். சத்தம் என்றால் சத்தம்! ஹமீதுன்னிசா இத்தனை வருஷம் ஏங்கிய சத்தம் முழுக்க ஒரே நேரத்தில் வந்து அவள் முகத்தில் அறைந்தது.  பேச வேண்டியதெல்லாம் மறந்துவிட்டது. ஐந்து மாசமாக வாய் பழகிப்போன ஒன்று மட்டும் தானாக வந்தது.

"பொம்மி" என்றாள்.

வெற்று நாற்காலிகளுக்கு வைத்த பெயர். நிஜப் பிள்ளைகளிடம். முனிவேல் நிமிர்ந்து பார்த்தார். சரோஜம்மாள் கண்ணை மூடிக்கொண்டார்.

ஹமீதுன்னிசா வழக்கம்போல ஒரு கணம் நிறுத்தி, பொம்மியின் நாற்காலியைப் பார்த்துத் தலையசைத்தாள். அதில் இருந்த சளி மூக்குப் பையன் பின்னால் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. டீச்சர் பார்ப்பது தன்னைத்தான். அவனுக்கு ஒரே சந்தோஷம்.

"நானா? நானு பொம்மியா?"

"ஆமா. பக்கத்துல கடிக்கக் கூடாது, சரியா?"

"கடிக்கலாமா?" என்றான் ஆசையாக.

பிள்ளைகள் கப்சிப்பென்று அடங்கினார்கள். இலவசமாகப் பெயர் கொடுக்கிறார்கள்! அடுத்த பெயர் தனக்கா என்று ஒவ்வொன்றும் பார்த்துக்கொண்டிருந்தது. "முனியன்" என்று கூப்பிட்டபோது இரண்டு பேர் கை தூக்கினார்கள். பதினொரு பெயர்களும் முடிந்தன.

"கங்கப்பன்."

குட்டைக்கால் நாற்காலியில் ஒரு பெண் குழந்தை, நாலு வயதிருக்கும். பாவாடை இருந்தது, சட்டை இல்லை. வந்ததிலிருந்து வாயைத் திறக்கவில்லை, பொரியையும் தொடவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தது.

பேசாத பிள்ளை முன்னால் சாதாரண டீச்சருக்கு என்ன ஆகும்? பதறும், கொஞ்சும், கெஞ்சும், தாண்டிப் போகும். ஹமீதுன்னிசா மட்டும் பதறவில்லை. இந்தப் பிள்ளையை அவளுக்குத் தெரியும். ஐந்து மாசமாகத் தெரியும்.

"யோசி கண்ணு, அவசரமில்லை" என்று சொல்லிவிட்டுக் கதையை ஆரம்பித்தாள்.

விசில் தொலைத்த கண்டக்டர் கதை. பாகலூர் பஸ்ஸில் கண்டக்டர் விசிலைத் தொலைத்துவிட்டார். விசில் கேட்காமல் பஸ் கிளம்ப மாட்டேன் என்கிறது. ஆடு வந்து ஒரு சத்தம் கொடுத்துப் பார்க்கிறது, காக்காய் வந்து பார்க்கிறது. பிள்ளைகள் ஆளுக்கு ஒரு சத்தம் கொடுத்தார்கள். பொம்மி நாய் மாதிரி குரைத்தான், கடிக்கிற சாக்கு அவனுக்கு. ஒரு பெண் அம்மா திட்டுகிற மாதிரி தெலுங்கில் திட்டினாள். முனியன் சிமெண்ட் மிக்ஸர் மெஷின் மாதிரி உறுமினான். பதினொரு சத்தம். பஸ் கிளம்பவில்லை.

"இப்ப கங்கப்பன் ஒரு சத்தம் குடுக்கும்" என்றாள். காத்திருந்தாள்.

ஒரு நிமிஷம். முனிவேல் கடிகாரத்தைப் பார்த்தார். சரோஜம்மாள் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று 'தாண்டிப் போ, தாண்டிப் போ' என்று கையை வீசினார். இரண்டு நிமிஷம். இருபது நிமிஷப் பாடத்தில் இரண்டு நிமிஷம் மௌனம் என்பது, எங்கள் தொழிலில் சொன்னால், ரம்பம் ஆணியில் மாட்டின மாதிரி.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் பிரஸ் இறங்கியது. நாற்காலி தட்டியது. டக்.

குழந்தை திடுக்கிட்டுத் தன் கீழே பார்த்தது. நிமிர்ந்தது. டீச்சர் தலையசைத்தாள், யாரோ பேசினதைக் கேட்டுக்கொண்ட மாதிரி.

பிரஸ் நின்றிருந்தது. குழந்தை மெல்ல முன்னால் சாய்ந்தது. பின்னால் சாய்ந்தது.

டக். டக்.

பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டு. பாகலூரிலிருந்து ஓசூர் வரைக்கும் எந்தப் பஸ்ஸிலும் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"ரைட், போலாம்!" என்றாள் ஹமீதுன்னிசா.

பன்னிரண்டு பிள்ளைகளும் எழுந்து ஒன்றன் பின் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு வகுப்பைச் சுற்றி ஓடினார்கள். சட்டையில்லாத கண்டக்டர் கடைசியில்.

முனிவேல் பாடத்திட்டத்தைப் புரட்டினார். "இதுல கடைசியில விசில் கண்டக்டர் பாக்கெட்லயே கிடைக்கும்னு எழுதியிருக்கியேம்மா?"

"கிடைக்கலைங்க சார்" என்றாள். "தேவைப்படலை."

அவர் குனிந்து குழந்தையிடம் பெயர் கேட்டார். தமிழில், தெலுங்கில், கன்னடத்தில். அது தரையைப் பார்த்தது.

(இங்கே அதன் தாயைச் செங்கல் கூடையோடு வாசலுக்கு வரவழைத்து, 'இது பொறந்ததுலேர்ந்து யாருக்கும் பதில் சொன்னதில்லை சார்' என்று அழவைக்க எனக்கு ஆசைதான். வரவழைக்கப் போவதில்லை. என் உச்சக்கட்டத்துக்காக அவள் அரைநாள் கூலியை ஏன் விட வேண்டும்?)

7

இரண்டாவது ஒப்புதல்.

அன்று மத்தியானம் முனிவேல் என் கொட்டகைக்கு வந்தார். கையில் அந்த நாற்காலி. வேலை செய்துகொண்டிருந்த பதினைந்து மாணவர்களும் நிமிர்ந்தார்கள். அவர் அதைத் தரையில் வைத்து விரலால் தட்டினார். டக்.

"மாஸ்டர், இது யார் செஞ்சது?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே சொன்னார். "தப்பா நினைக்காதீங்க. இது தெரிஞ்சே ஆடுறதுக்கு வச்சிருந்தா, அது அந்தப் பொண்ணோட பாட உபகரணம். குழந்தை அதுல பதில் சொல்லிச்சுன்னு நான் தாராளமா எழுதலாம். தெரியாம ஆடுதுன்னா, அது வெறும் ஓட்டை நாற்காலி. குழந்தை நெளிஞ்சுதுன்னு அர்த்தம். அதான் கேக்குறேன்."

பதினைந்து பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு காலையும் ஒன்றாகக் கட்டி அறுக்கச் சொன்ன வாத்தியாரை.

"பசங்க யாரோ செஞ்சதுங்க சார்" என்றேன். "தப்பா அறுத்துட்டானுங்க. கவனிக்கலை."

அவர் தலையசைத்தார். நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

'நான் செஞ்சது. தப்பாத்தான் செஞ்சேன். நேத்து சரி பண்ணப் போனேன், அந்தப் பொண்ணு வேணும்னு சொல்லித் தடுத்துட்டா.' இவ்வளவுதான் சொல்லியிருக்க வேண்டும். அதிலே ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. நான் எழுதிய கதைகளிலேயே சின்னது அதுவாக இருந்திருக்கும்.

முடிவு ஜூன் கடைசியில் வந்திருக்கும். நான் ஜூன் முதல் வாரமே கிருஷ்ணகிரியில் மாம்பழப் பெட்டி அடிக்கும் வேலைக்குப் போய்விட்டேன். பெட்டிக்குக் கால் கிடையாது. பாகலூர் பக்கத்து ஆட்களைச் சந்தையில் பார்த்தால் பெட்டிக்குப் பின்னால் குனிந்துகொள்வேன். ஜூஜுவாடி வழியாகப் பெங்களூர் பஸ்ஸில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். அந்தக் கம்பெனி வரும்போது மறுபக்கம் பார்ப்பேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும்.

8

முடிவுகள்.

"ஜூஜுவாடிக் கூடத்தில் முப்பது பிள்ளைகளின் இரைச்சலுக்கு நடுவே ஹமீதுன்னிசா டீச்சர் நின்றுகொண்டிருந்தாள். சரோஜம்மாளிடமிருந்து கடிதம்—"

இதை எழுத எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

"ஜன்னலோரம் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அத்தா வந்து 'சாப்பிட்டியா' என்று—"

இதை எழுத எனக்குத் தைரியம் இல்லை.

மூன்றாவதாக ஒரு வழி தோன்றுகிறது. எழுதுகிறவனுக்கு இருக்கிற ஒரே வசதி அது: நடந்ததைத் திரும்ப நடத்தலாம். பயன் ஒன்றும் இல்லை, ஆனாலும் செய்கிறேன்.

மத்தியானம். கொட்டகை. மரத்தூள் வாசனை. முனிவேல் நாற்காலியோடு வருகிறார். பதினைந்து பேர் நிமிர்கிறார்கள். அவர் கேட்கிறார்: "மாஸ்டர், இது யார் செஞ்சது?"

"நான் செஞ்சதுங்க சார்" என்கிறேன். "தப்பாத்தான் செஞ்சேன். ஆனா அந்தப் பொண்ணுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வேணும்னு வச்சுக்கிட்டா."

ஒரு பையன் களுக்கென்று சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

முனிவேல் சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுக்கிறார். பேனா மூடியைக் கழற்றுகிறார். எழுத எங்காவது இடம் தேடுகிறார், என் பட்டறை முழுக்கத் தூள். கடைசியில் அந்தச் சின்ன நாற்காலியின் மேலேயே தாளை வைத்துக் குனிகிறார்.

'ஒவ்வொரு குழந்தையும் ஒருமுறையாவது பதில் அளித்ததா? ஆம் / இல்லை.'

இதற்கு மேல் அவர் கையை நகர்த்த என்னால் முடியவில்லை. நான் நகர்த்தினால் அது இன்னொரு பொய். நீங்கள் அந்த வகுப்பில் இருந்தீர்கள், ஆறாம் பகுதி முழுக்க. கேட்டீர்கள். ஆகவே பேனா உங்களிடம்.

எழுதும்போது நாற்காலி கொஞ்சம் ஆடும். பயப்படாதீர்கள், எழுதுங்கள். அது அப்படித்தான் பேசும்.